‘பென்-ஹர்’ தேர்ப் பந்தயத்தில் யாரும் சாகவில்லை

1959இல் வந்த ‘பென்-ஹர்’ என்ற ஹாலிவுட் படத்தின் தேர்ப் பந்தயத்தில் ஸ்டன்ட் நடிகர் ஒருவர் இறந்தார், அந்தக் காட்சி படத்திலேயே இருக்கிறது என்று ஒரு பதிவு சுற்றுகிறது. பொய்.

பந்தயத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் யாகிமா கனட். ரோடியோ (முரட்டுக் குதிரை, காளைகளை அடக்கும் அமெரிக்கப் போட்டி) வீரராக இருந்து மௌனப்பட காலத்தில் ஹாலிவுட்டுக்கு வந்தவர். சில்லறை வில்லன் வேடங்களும் ஸ்டன்ட்டுமாகப் பல்லாண்டு உழைத்தவர். ஸ்டன்ட் கலைஞர்களுக்கான பாதுகாப்புக் கருவிகளை உருவாக்கியதற்கும் சேர்த்துத்தான் 1967இல் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. அவர் மேல் இப்படியொரு பழி!

உண்மையில் நடந்தது இது: படத்தின் நாயகன் சார்ல்டன் ஹெஸ்டனுக்கு டூப் போட்டவர் யாகிமாவின் மகன் ஜோ. நொறுங்கிக் கிடந்த தேர்களைத் தாண்டும்போது வண்டி எகிறி, அவரை முன்பக்கமாகத் தூக்கியடித்தது. பிடியை விடாததால் தப்பினார். முகவாயில் நாலு தையல், அவ்வளவே. தேரில் திரும்ப ஏறுவது மட்டும் ஹெஸ்டனை வைத்துத் தனியாக எடுத்தது. தேர்ச் சக்கரத்தில் நசுங்குபவை பொம்மைகள்.