காதைப் பொத்துகிற பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள்

வெடிச்சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையைப் பார்த்து "பயந்தாங்கொள்ளி" என்று சிரிக்கிற பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். ஆம்பளப் பிள்ளை என்றால் கேலி இன்னும் கூடுதல். பொத்திய கையைப் பிடித்து விலக்கிவிட்டு "சும்மா கேளுடா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும் மாமாவும் சித்தப்பாவும் எல்லா வீட்டிலும் உண்டு. ஆகும் மாமா. அந்தக் கூட்டத்திலேயே சரியாக நடந்துகொள்வது அந்தப் பிள்ளை மட்டும்தான்.

நான் பட்டாசுக்கு எதிரி இல்லை. கோவில் கொடைக்கு வாணவேடிக்கை இல்லையென்றால் எனக்கே திருப்தி இருக்காது. சிவகாசிப் பக்கம் எத்தனை குடும்பங்களுக்கு இது சோறு போடுகிறது என்பதும் தெரியும். புகையைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது, தீக்காயத்தைப் பற்றிப் பேசவும் ஆள் இருக்கிறது. காதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. தீக்காயம் அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்துவிடும். காதுக்குள் நடந்தது பல வருடம் கழித்து, வீட்டில் உள்ளவர்கள் "டிவி சத்தத்தைக் குறைங்க" என்று சொல்ல ஆரம்பிக்கும்போதுதான் தெரிய வரும்.

சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1999-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் ஒரு வெடியின் உச்ச ஒலி 145 டெசிபலைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனமோ இப்படி 'டமார்' என்று வரும் ஒலிக்குப் பெரியவர்களுக்கு 140, குழந்தைகளுக்கு 120 என்று எல்லை சொல்கிறது. அதாவது முழுக்க முழுக்கச் சட்டப்படி தயாரான வெடிகூட, 4 மீட்டரில் நிற்கும் பெரியவருக்கே அதிகம். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8 மீட்டரில் 139, 16-இல் 133, 32-இல் 127, 64-இல் 121. குழந்தையின் எல்லைக்குள் வர ஏறக்குறைய 70 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நாம் எங்கே நிற்கிறோம்? வாசல் படியில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

இன்னொன்றும் உண்டு. அந்த விதிப்படி ஒலியை அளக்கும்போது சுற்றி 15 மீட்டருக்குச் சத்தத்தைத் திருப்பி அடிக்கிற சுவரோ கட்டடமோ இருக்கக் கூடாது. நம் ஊர்த் தெருக்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் மாடி வீடு, நடுவில் ஒரு அணுகுண்டு. பெட்டியில் என்ன போட்டிருந்தாலும் அந்தச் சந்துக்குள் அது வேறு சத்தம்.

நடுக்காதில் ஒரு குட்டித் தசை இருக்கிறது. பெருஞ்சத்தம் வந்தால் அது இறுகி, உள்ளே போகும் அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும். இடி முழக்கம் மாதிரி நீண்டு உருளும் சத்தத்துக்கு அது உதவும். வெடிக்கு உதவாது. அது இறுகத் தொடங்குவதற்குள் வெடி வெடித்தே முடிந்திருக்கும். அடி முழுவதும் நேராக, சத்தத்தை நரம்புக்குச் சேர்க்கிற உள்காது மயிரிழை செல்களுக்குத்தான். ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கும், அவ்வளவுதான். கோழிக்கும் மீனுக்கும் அந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்கும். மனிதனுக்கு முளைக்காது.

எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு வேட்டுப் போடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சிறுவயதிலிருந்தே அதுதான் தொழில். வலது கையால் திரியில் தீ வைத்துவிட்டு இரண்டு எட்டு நகர்ந்து நிற்பார், அவ்வளவுதான். அவரிடம் எதைக் கேட்டாலும் வாயையே உற்றுப் பார்ப்பார். "நீ கூப்பிடுதது கேக்கு தம்பி, என்ன சொல்லுதேன்னுதான் வெளங்கல" என்று ஒருமுறை சொன்னார். வெடிச்சத்தம் காதைக் கெடுக்கும் விதம் அப்படியே இதுதான். பாதிப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர் ஒலிகளில் விழும். உயிரெழுத்தின் ஓசை வந்து சேரும், மெய்யெழுத்தின் கூர்மை போய்விடும். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேச்சு என்று தெரியாது. அவருக்குப் பக்கத்தில் தவிலும் நாயனமும் வாசிக்கிற கலைஞர்கள் வேறு நிற்கிறார்கள். காதை வைத்துத்தான் அவர்களுக்குப் பிழைப்பே.

சரி, என்ன செய்யலாம்? முதலில் தூரம். அதற்குக் காசு செலவில்லை. உயரே போய் விரியும் பேன்சி ரகங்களுக்கு அந்த உயரமே ஒரு தூரம்தான், தள்ளி நின்றால் இன்னும் அழகாகவே தெரியும். தரையில் வெடிக்கிற அணுகுண்டு, சரவெடி, நாட்டுவெடிக்குத்தான் கால் பின்னால் போக வேண்டும்.

அடுத்தது இயர் பிளக். மெடிக்கலில் கிடைக்கும், ஒரு சரவெடி விலைகூட ஆகாது. ஆனால் பலர் அதைக் காது வாசலில் ஒட்டவைத்துவிட்டு "இது வேலைக்காகாது" என்கிறார்கள். நுரை பிளக்கை இரண்டு விரலால் மெல்லிய திரியாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்தால் துவாரம் நேராகும். உள்ளே தள்ளி, அது விரிந்து அடைக்கும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சரியாக உட்கார்ந்திருந்தால் நீங்கள் பேசுவது உங்களுக்கே தலைக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும். வெறும் பஞ்சை அடைத்தால் பெரிதாக எதுவும் குறையாது. விரலால் அழுத்தி அடைத்துக்கொள்வது பஞ்சைவிட எவ்வளவோ மேல், ஆனால் தீ வைக்கிறவருக்கும் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவருக்கும் கை ஒழியாதே.

சின்னக் குழந்தைகளுக்கு நுரை பிளக் வேண்டாம், எடுத்து வாயில் போட்டுவிடும். காதை வெளியிலிருந்து முழுதாக மூடும் இயர் மஃப் அவர்கள் அளவிலேயே கிடைக்கிறது. கைக்குழந்தையை வேடிக்கை காட்டக் கூட்டிப்போகவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வகுத்திருக்கிறார்கள். ஊர் முழுக்க அதன்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த இரண்டு மணி நேரமாவது கைக்குழந்தையைத் தெருப் பக்கம் இல்லாத உள்ளறையில், ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொள்ளலாம்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டி இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள், வந்து தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று பல வருடங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதே இல்லை. அவ்வளவு தூரம்கூட நான் போகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் பச்சைக்குழந்தை இருந்தால் வெடியைத் தெருமுனைக்கு எடுத்துப் போகலாம் இல்லையா?

அப்புறம் ஒன்று. வெடித்த பிறகு காது அடைத்துக்கொண்டாலோ 'ங்கொய்' என்று இரைந்தாலோ, பலருக்கும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். மறுநாளும் அப்படியே இருந்தால், ஒரு காது சுத்தமாகக் கேட்காமல் போனால், வலியோ ரத்தமோ வந்தால், விடுமுறை முடியட்டும் என்று காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். திடீரென்று போன கேட்கும் திறனுக்கு முதல் சில நாட்களில் தொடங்கும் சிகிச்சைதான் அதிகப் பலன் தரும். பாட்டி சொன்னார் என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றிவிடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் அது நேராக உள்ளே போகும்.

எங்கள் ஊர்க் கொடைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. விழாக் குழுவில் இருக்கும் அண்ணாச்சிகளிடம் மூன்று விஷயம் கேட்டிருக்கிறேன். வேட்டுப் போடும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டும், தீ வைக்கும் முன் மைக்கில் ஒரு குரல் கொடுக்க வேண்டும், மேளக்காரர்கள் அந்த நேரத்தில் தள்ளி நிற்க இடம் விட வேண்டும். பெரியவருக்கும் அவருடைய உதவியாளுக்கும் இயர் மஃப் என் செலவு. மைக்குக்கும் மேளத்துக்கும் சரி என்று சொல்லிவிட்டார்கள். கயிற்றை எவ்வளவு தூரத்தில் கட்டுவது என்பதில்தான் இழுபறி. கோவில் திடல் சின்னது என்கிறார்கள். வேட்டை ஊருணிக் கரைக்கு மாற்றலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.