நிவாரணப் படகுகளில் படை செல்லவில்லை
"1987 ஜூனில் ராமேசுவரத்திலிருந்து சென்ற படகுகளில்தான் இந்தியப் படை முதலில் யாழ்ப்பாணம் போனது, நம் எம்.பி. இதைத்தான் அவையில் கேட்க வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. ஜூன் 3 அன்று புறப்பட்ட அந்தப் படகுகளில் இருந்தவை உணவு, மருந்து போன்ற நிவாரணப் பொருள்களே. இலங்கைக் கடற்படை மறித்ததால், ஏற்றிய மூட்டைகள் பிரிக்கப்படாமலேயே நம் துறைக்குத் திரும்பி வந்ததைக் கரையில் நின்று பார்த்தவன் நான். மறுநாள் இந்திய விமானங்கள் ஏறத்தாழ 25 டன் பொருள்களை யாழ்ப்பாணத்தில் போட்டன. இந்திய அமைதிப்படை அங்கே இறங்கியதோ ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு. அயல்நாட்டுக்குப் படை அனுப்ப நாடாளுமன்றத்தின் முன்ஒப்புதல் வேண்டும் என்று நம் அரசமைப்புச் சட்டம் கூறாததால், உறுப்பினரின் கேள்விக்கு மதிப்பு மிக அதிகம். அதில் உதவியையும் படையையும் குழப்பினால், அமைச்சர் அந்தப் பிழையை மட்டும் மறுத்துவிட்டு அமர்ந்துவிடுவார்.