மோருக்கும் களிக்கும் நடுவில் ஒரு ‘க்’

போன வாரம் என் பழைய வலைப்பதிவைத் திறந்து பார்த்தேன். 2007-ல் தோஹாவில் இருந்தபோது எழுதியது. கணவர் வேலைக்குக் கிளம்பிவிட்டால் ஏசி இரைச்சலைத் தவிர வீட்டில் வேறு சத்தமே இருக்காது, அப்படி ஒரு காலம். அதில் மோர்க்களி கிண்டுவது பற்றி ஒரு இடுகை இருக்கிறது. பன்னிரண்டு வரி தேறாது. கீழே அறுபத்தொரு பின்னூட்டங்கள்.

இடுகையைப் படிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. பின்னூட்டங்களை முடித்துவிட்டு நிமிர்ந்தால் மதியச் சமையலுக்கு நேரமாகியிருந்தது.

தமிழ் வலைப்பதிவுகளைப் பற்றி இன்று யார் பேசினாலும் இடுகைகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். யார் நன்றாக எழுதினார், யார் அப்புறம் புத்தகம் போட்டார், யார் சினிமாவுக்குப் போனார் என்று. கீழே பின்னூட்டங்களில் எல்லோரும் சேர்ந்து அடித்த கும்மியை, அந்தக் கேலிப் பேச்சை, வெட்டி அரட்டை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. எழுத்தில் பாதி அந்தக் கும்மியில்தான் நடந்தது. என் விஷயத்தில் பாதிக்கும் மேல்.

அந்தக் காலத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தமிழ்மணம் என்று ஒரு திரட்டி இருந்தது. 2004-ல் தொடங்கியது. உலகத்தில் எந்த மூலையில் யார் தமிழில் பதிவு எழுதினாலும் அதன் முகப்பில் வந்து நிற்கும். எங்களுக்கு அதுதான் தெருமுனை. புது இடுகைகள் ஒரு பக்கம் வரிசையாக வரும். இன்னொரு பக்கத்தில், அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகளின் பட்டியல் ஓடும். கும்மிக்கு வித்திட்டது அந்த இரண்டாவது பட்டியல்தான். யாராவது ஒரு வரி எழுதினால் போதும், மூன்று நாள் பழைய இடுகைகூட மறுபடி மேலே ஏறி வரும், வேறு நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். தன் இடுகைக்குத் தானே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டு மேலேயே வைத்திருப்பதற்குப் ‘பின்னூட்டக் கயமை’ என்று பெயர். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். கடைசியில் தமிழ்மணமே பின்னூட்டங்களுக்கு உயரெல்லை வைக்க வேண்டி வந்தது.

அந்த உலகத்துக்கென்று ஒரு மொழியே உண்டாகியிருந்தது. முதல் ஆளாக வருகிறவர் ‘மீ த ஃபர்ஸ்ட்டு’ என்பார், அவருக்கு வடை. ஒரு நொடியில் தவறவிட்டவர் ‘வடை போச்சே’ என்று வந்து நிற்பார். படித்தேன், சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் வந்தேன் என்பதற்கு ‘உள்ளேன் ஐயா’. முன்னவர் சொன்னதை ஆமோதிக்க ‘ரிப்பீட்டேய்’. அலுவலகத்தில் வேலை அதிகம் என்றால் ‘ஆணி அதிகம்’. 2001-ல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நேசமணியாக வந்து ஆணி பிடுங்க வைத்ததிலிருந்து எடுத்தது இது. 2019 மே மாதம் நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்று ட்விட்டரே அல்லோலகல்லோலப்பட்டபோது, பழைய பதிவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் ஆச்சரியப்படவில்லை. நாங்கள் பத்து வருடங்களுக்கு மேலாக அந்த ஆணியோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தோம். ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ என்று 2013-ல் ஒரு படம் வந்ததல்லவா? அதே பெயரில் 2006-லேயே ஒரு கூட்டுப் பதிவு இருந்தது. வ.வா.சங்கம் என்போம். ஒருவரை ஒருவர் கலாய்ப்பதுதான் அங்கே முழுநேரத் தொழில்.

இப்போது அந்த மோர்க்களிக்கு வருகிறேன்.

ஊரிலிருந்து கொண்டுபோன மோர் மிளகாய் கொஞ்சம் மீதி இருந்தது. புளித்த மோரில் அரிசி மாவைக் கரைத்து, நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டிக் கிண்டி, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கினேன். அம்மா ஞாபகம் வந்துவிட்டது. தமிழில் தட்டச்சு செய்ய எ-கலப்பை என்ற மென்பொருளை நிறுவிப் பழகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தட்டுத் தடுமாறி எழுதிப் போட்டேன். தலைப்பு: ‘அம்மாவின் மோர்களி’.

முதல் பின்னூட்டம் ‘மீ த ஃபர்ஸ்ட்டு’. இரண்டாவது ‘வடை போச்சே’. மூன்றாமவர், ‘களிப் பதிவில் வந்து வடை கேட்பவர்களைப் பெஞ்சு மேல் ஏற்றவும்’ என்றார். நான்காவதாக ஒருவர் வந்தார். அவர் எழுதியது இதுதான்:

‘மோருக்கும் களிக்கும் நடுவில் ஒரு ‘க்’ இருக்க வேண்டுமே, எங்கே? பசியில் நீங்களே சாப்பிட்டுவிட்டீர்களா?’

எனக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு சிரிப்பு வந்தது. ‘இல்லை சார், மோர் கொஞ்சம் நீர்த்துவிட்டது, ‘க்’ அடியில் தங்கிவிட்டது’ என்று பதில் போட்டேன். உடனே ஒரு தம்பி, ‘கிண்டினால் மேலே வந்துவிடும் அக்கா’ என்றான். இன்னொருவர், ‘கிண்டுவதற்குத்தான் சார் இருக்கிறாரே’ என்றார். சார் திரும்ப வந்து, ‘களியைக் கிண்டியது அவர்கள். பழி என் மேலா?’ என்று கேட்டார். இப்படியே இருபது போயிற்று.

நடுவில் டொரண்டோவிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் வந்தார். ‘எங்கட வீட்டில உளுத்தம்மாக் களிதான் செய்வினம். இதுக்குத் தேங்காய்ப்பூ போட்டால் நல்லா இருக்குமோ?’ என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் தேங்காய்ப்பூ என்றால் முளைவிட்ட தேங்காயை உடைத்தால் உள்ளே வெள்ளையாகப் பந்து போல இருக்குமே, அது. அதைப் போய் களியில் யார் போடுவார்கள்? விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அவர் சொன்னது துருவிய தேங்காயை. துருவும் கருவிக்கு அவர்கள் சொல் திருவலையாம். அடுத்த பதினைந்து பின்னூட்டங்களில் தேங்காயும் திருவலையும்தான். ஒரே சொல் கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்றாகவும் அந்தப் பக்கம் வேறாகவும் இருப்பதை நான் அன்றுதான் நேரடியாகப் பார்த்தேன். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

அந்த ‘க்’ சார் அதற்கப்புறம் என் இடுகைகள் எல்லாவற்றுக்கும் வந்தார். ஒற்று விட்டால் விடமாட்டார். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு கிண்டல் இருக்கும், ஒரு முறைகூட மனம் நோகும்படி இருந்ததில்லை. அவர் வருவாரே என்று பதிப்பிக்கும் முன்பு நான் மூன்று முறை படித்துப் பார்க்க ஆரம்பித்தேன். வேற்றுமைத் தொகை எது, வினைத்தொகை எது, எங்கே மிகும், எங்கே மிகாது என்று தேடித் தேடிப் படித்தேன். பள்ளியில் பன்னிரண்டு வருடம் படித்தும் மண்டையில் ஏறாதது அது. இன்று வீட்டிலிருந்தபடியே மெய்ப்புப் பார்க்கும் வேலை செய்கிறேன். கைக்கு ஒரு வருமானம் வருகிறது. இது அந்தப் பின்னூட்டப் பெட்டி கொடுத்த வேலை என்று யாரிடமும் தயங்காமல் சொல்வேன்.

எனக்குப் பிடித்த பதிவுகள் எல்லாமே இப்படிக் கீழே ஒரு வாசல் திண்ணை உள்ள பதிவுகள்தான். நியூசிலாந்திலிருந்து எழுதும் துளசி டீச்சரின் ‘துளசிதளம்’ 2004-லேயே தொடங்கியது. அங்கே இடுகை வந்தாலே வகுப்புக்கு மணி அடித்த மாதிரி. ‘உள்ளேன் டீச்சர்’ என்று ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள், தாமதமாக வந்தவர் காரணம் சொல்வார், டீச்சர் ஒருவர் விடாமல் பெயர் சொல்லி ‘வாங்க’ என்பார். அந்த ‘வாங்க’வுக்காகவே எழுத வந்தவர்கள் உண்டு. ‘எங்கள் பிளாக்’கும் அப்படித்தான். பத்து வருடங்களுக்கு மேலாக, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முறை வைத்து எழுதிய வீடு அது. திங்கட்கிழமை என்றால் தின்பதற்கு, அதாவது ஏதாவது ஒரு சமையல் குறிப்பு. செவ்வாயன்று கேட்டு வாங்கிப் போட்ட கதை. புதனன்று வாசகர் கேள்விக்குப் பதில். சனிக்கிழமை நல்ல செய்திகள். விடியற்காலையிலேயே ஆட்கள் வந்து காலை வணக்கம் சொல்லி, காபி ஆற்றி, நேற்றைய வம்பைத் தொடர்ந்து, கடைசியில்தான் இடுகைக்கே வருவார்கள். ஒரு ரசத்தில் பூண்டு போடலாமா கூடாதா என்று நூறு பின்னூட்டம் போகும். மறுநாளும் அதே ஆட்கள் சண்டை மறந்து வருவார்கள்.

இருண்ட பக்கம் இல்லாமல் இல்லை. அடுத்தவர் பெயரையும் படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு ஆபாசமாக எழுதியவர்கள் இருந்தார்கள். அனானியாக, அதாவது பெயர் சொல்லாமல், வந்து பெண்களைக் குறிவைத்தார்கள். நானும் இரண்டு முறை அழுதிருக்கிறேன். ஒரு மாதம் பதிவைப் பூட்டியும் வைத்திருந்தேன். வந்திருப்பது உண்மையான ஆளா என்று பார்க்க, மவுஸ் சுட்டியைப் பெயர் மேல் வைத்துக் கீழே தெரியும் பிளாக்கர் எண்ணைச் சரிபார்ப்பார்கள். அதற்கு ‘எலிக்குட்டி சோதனை’ என்று பெயர். பயத்துக்கும் சிரிக்கிற மாதிரி ஒரு பெயர் வைத்துக்கொண்டுதான் தாண்டி வந்தோம். மட்டுறுத்தல், அதாவது பதிவர் பார்த்து அனுமதித்த பிறகே பின்னூட்டம் வெளியாகும் முறை, வந்த பிறகு ஓரளவு ஓய்ந்தது.

அதே கும்மிக்காரர்கள்தான் வேலை என்று வந்தபோது முன்னால் நின்றார்கள். 2007 ஆகஸ்ட் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்தில் வலைப்பதிவர் பட்டறை நடந்தது. தமிழில் தட்டச்சு செய்வது எப்படி, பதிவு தொடங்குவது எப்படி என்று புதியவர்களுக்கு நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் தோஹாவில் உட்கார்ந்து இடுகைகளில் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின வாரம் வரை ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அதே வருடத் தொடக்கத்தில், ‘தேன்கூடு’ திரட்டியை நடத்திவந்த நண்பர் இளம் வயதில் திடீரென்று இறந்துபோனார். அன்றைக்குத் திரட்டிகளில் ஒரு மொக்கைப் பதிவுகூட வந்ததாக எனக்கு நினைவில்லை. அவர் முகத்தையே பார்த்திராதவர்கள் அவருக்காக அழுதார்கள். விளையாட்டாகப் பேசிப் பேசித்தான் அந்த உறவு உண்டாகியிருந்தது, வேறு எப்படி?

முகநூலிலும் கேலி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் இங்கே பெரும்பாலும் அந்த இடத்தில் இல்லாத ஒருவரைத்தான் கேலி செய்கிறோம். அவருக்குத் தெரியாது, அவர் பதில் சொல்லவும் வழியில்லை. அன்று கலாய்க்கப்பட்டவர் அடுத்த வரியிலேயே வந்து நிற்பார், திருப்பிக் கொடுப்பார். அதனால் கைக்கு ஒரு அளவு இருந்தது. அப்புறம், இங்கே ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நாளைக்கு இந்தப் பதிவு எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. என் மோர்க்களிக்கு 2011-ல் ஒருவர் வந்து, ‘இன்று செய்தேன், அடிப்பிடித்துவிட்டது, என்ன செய்ய?’ என்று கேட்டிருக்கிறார். நான்கு வருடம் கழித்து. பதிலும் சொல்லியிருக்கிறேன்.

தமிழ்மணம் இப்போது இயங்குவதில்லை. ஹாலோஸ்கேன் பெட்டியில் பின்னூட்டம் வாங்கிய பழைய பதிவுகளில் அந்தச் சேவை போனதும் பேச்சும் சேர்ந்து போயிற்று. கூகுள் பிளஸ் வழியாக வந்த கருத்துகளை 2019-ல் அதை மூடும்போது அழித்துவிட்டார்கள். பதிவர்கள் சிலர் தங்கள் நல்ல இடுகைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார்கள், மகிழ்ச்சிதான். எதிலும் பின்னூட்டங்கள் இல்லை. நாளைக்கு 2007-ல் தமிழர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள், மதுரைக்காரரும் யாழ்ப்பாணத்தவரும் சிங்கப்பூர்க்காரரும் ஒரே திண்ணையில் எந்தத் தமிழில் சிரித்தார்கள் என்று யாராவது தேடினால் எங்கே போவார்கள்?

அதனால் ஒரு வேண்டுகோள். பழைய பிளாக்கர் பதிவு வைத்திருப்பவர்கள் இந்த வாரமே அமைப்புகள் பக்கத்துக்குப் போய் உள்ளடக்கத்தைப் பேக்கப் எடுங்கள். அந்தக் கோப்பில் இடுகைகளோடு பின்னூட்டங்களும் சேர்ந்தே வரும். நான் எடுத்துவிட்டேன், பென்டிரைவில் ஒன்று, மகளின் கணினியில் ஒன்று. கடவுச்சொல் மறந்தவர்கள் பக்கத்தை அப்படியே அச்செடுத்தாவது வையுங்கள். ‘சும்மா மொக்கைதானே’ என்று கும்மிகளை நீக்கிவிடாதீர்கள். அவற்றைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

‘க்’ சாரின் கணக்கு இப்போது இல்லை. அவர் பெயர் இருந்த இடத்தில் யார் என்று தெரியாதவர் என்பது போல ஒரு சொல் மட்டும் நிற்கிறது. அறுபத்தொன்றில் ஏழு அப்படி. எது அவருடையது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லை. சார், எங்கே இருந்தாலும் இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள். இதில் எங்காவது ஒற்று விட்டிருப்பேன்.

மற்றவர்களும் உங்களால் மறக்க முடியாத ஒரு பின்னூட்டத்தைக் கீழே எழுதுங்கள். எத்தனை பேர் வந்தாலும் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிப் பதில் போடுகிறேன். முதலில் வருகிறவருக்கு வடை.