மரண கானாவும் உடைந்த கண்ணாடியும்

வடசென்னை என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கத்தியும் ரத்தமும் ஞாபகத்துக்கு வருவது எனக்குப் பழகிப்போன விஷயம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் தங்கள் தெருவைத் திரையில் பார்த்தபடியே நினைவுகூரத் தொடங்கியிருப்பதுதான் கவலையளிக்கிறது. 1980இல் நேரு ஸ்டேடியத்தில் முகமது அலி ஆடிய காட்சிப் போட்டியைப் பற்றி வாய் ஓயாமல் பேசும் பெரியவர்கள்கூட, சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்ற எங்கள் பகுதிக் குத்துச்சண்டைப் பரம்பரைகளுக்குப் பேச்சு திரும்பியதும், 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' சினிமாவின் காட்சிகளை நேரில் கண்டவை போல விவரிக்கிறார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டி, கார்கள் 'இடித்தபோது' என்ன வேகம் என்று சிலரிடமும், 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு முதல் குழுவின் 50 பேரில் 7 பேரும், இரண்டாவது குழுவின் 50 பேரில் 16 பேரும் ஆம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

எங்களிடம் கேமராவோடு வருபவர்கள் கேட்பதும் 'நொறுங்கிய' கேள்விதான்: அந்தக் காலத்தில் இந்த ஏரியாவின் பெரிய ரவுடி யார்? 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகக் காரணமாயிருந்த, 1996இல் மூடப்பட்ட பெரம்பூர் மில்லின் சங்கு ஊதினால் எந்தெந்த வீட்டில் உலை வைப்பார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கப்படாத நினைவு கலைக்குள் நுழைவதுமில்லை.

மரண கானாவில் இதற்கு ஒரு மாற்று இருப்பதாக நினைக்கிறேன். சாவு வீட்டில் பாட வருபவர், இறந்தவரின் பெயர், தொழில், பிள்ளைகள், பிடித்த சாப்பாடு எல்லாவற்றையும் உறவினரிடம் விசாரித்துவிட்டுத்தான் பாட்டைக் கட்டுவார். காசிமேட்டில் ஒரு இரவு, இறந்தவர் மீன் வண்டி ஓட்டியதாகப் பாடிக்கொண்டிருந்தவரை நிறுத்திய ஒரு ஆயா, "வண்டி இல்ல நைனா, ஐஸ் கம்பெனி" என்றார். டோலக் நிற்கவில்லை, அடுத்த அடியிலேயே ஐஸ் கம்பெனி வந்துவிட்டது. அந்தப் பாட்டிலும் மிகை இருந்தது, குடித்துவிட்டு அடித்ததெல்லாம் காணாமல் போயிருந்தது. ஆனால் அடி வாங்கியவர் எதிரிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது பாடப்படும் மிகை அது. (மருமகள்களுக்கு அப்படி இடைமறிக்கும் துணிச்சல் வருமா என்பது தனிக் கதை.)

எங்களைப் படமெடுப்பவர்கள் சென்சாருக்கு அனுப்பும் முன், காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ ஒரு தெருவில் திரை கட்டி அதைப் போட்டுக் காட்டட்டும். பாராட்டுகிறவர்களை விட்டுவிட்டு, நடுவில் எழுந்து "அப்படி இல்ல" என்று சொல்பவர்களிடம் போய்ப் பேசட்டும்.