அப்பா தந்த வியூமாஸ்டர்

சிறுவயதில் கிடைத்த கிறிஸ்துமஸ் பரிசுகளில் எது மிகவும் பிடித்தது என்று யார் கேட்டாலும், என் ஒன்பதாவது வயதில் அப்பா தந்த, கண்ணருகே வைத்துப் படம் பார்க்கும் வியூமாஸ்டர் என்ற கருவி என்று நான் யோசிக்காமல் சொல்வேன். அதைவிடப் பெரிய பரிசுகள் வந்ததுண்டு; அவற்றில் பலவற்றின் நிறம்கூட இன்று நினைவில் இல்லை.

அந்த ஆண்டு முழுவதும் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்ப்பேன். பிறகு கண்ணை மாற்றுவேன். அசையாத விரல் இடம் மாறித் தாவுவது எனக்குத் தீராத வியப்பாக இருந்தது. அதை யாரும் கவனித்ததாக நான் நினைக்கவில்லை. அப்பா கவனித்திருக்கிறார்.

1939ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமான வியூமாஸ்டரின் அடிப்படையே அந்த விரல் விளையாட்டுத்தான். அதனுள் செருகும் வட்டில் 14 சிறு படங்கள் இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது ஏழு காட்சிகளே. வட்டின் எதிரெதிர் ஓரங்களில் இருக்கும் இரண்டு படங்கள், ஒரே காட்சியைச் சற்றே விலகிய இரு கோணங்களில் எடுத்தவை. இடக்கண் ஒன்றையும் வலக்கண் மற்றொன்றையும் பார்க்க, மூளை அவற்றை இணைத்து ஆழமுள்ள ஒரே காட்சியாக்கிவிடுகிறது. 1838இலேயே சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் கண்ணாடிகளை வைத்து விளக்கிக் காட்டிய உண்மை இது. எனக்கு அது கிறிஸ்துமஸ் காலையில், ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்த ஒரு பெட்டிக்குள் கிடைத்தது. விசையை அழுத்தியதும் எழும் ‘டக்’ என்ற ஒலியும், மலைக்கு முன்னால் மரமும் மரத்துக்கு முன்னால் மனிதரும் தனித்தனியே எழுந்து நின்ற அந்த முதல் நொடியும் இன்றும் என்னிடம் இருக்கின்றன.

அதே காலையில் அண்ணனுக்கு லெகோ கட்டைகள் கிடைத்தன. எட்டுக் குமிழ்கள் கொண்ட, ஒரே நிறத்துக் கட்டைகள் ஆறினை 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் பொருத்தலாம் என்பதால், அதுவும் ஒரு குழந்தையால் முடித்துவிட இயலாத பரிசுதான். ஆயினும் நான் அன்று அண்ணனிடம் கடன் கேட்கவில்லை.

குழந்தைகளிடம் பட்டியல் வாங்கி, அதிலுள்ளவற்றையெல்லாம் வாங்கிக் குவிக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல. குழந்தைக்குத் தெரிந்த பொருளைத்தான் பட்டியலில் எழுத முடியும். வியூமாஸ்டர் என்று ஒன்று இருப்பதே அறியாத நான் அதை எப்படிக் கேட்டிருப்பேன்? ஒரு பிள்ளை தனியாக இருக்கும்போது எதில் லயிக்கிறது என்று சில நாட்கள் பார்த்திருந்து வாங்கும் ஒரே ஒரு பொருள், பத்துப் பெட்டிகளுக்கு மேலானது என்பது என் உறுதியான கருத்து.

ஒவ்வொரு மாலையும் அப்பா அருகில் அமர்ந்து ஒரு காட்சியைப் பார்த்துவிட்டுக் கருவியை என்னிடம் தருவார். “எது கிட்ட இருக்கு, எது தூரத்துல இருக்கு, சொல்லு” என்பார். எனக்குப் பாடம் நடத்துகிறார் என்றெண்ணி, இலை இலையாக விவரிப்பேன். அவர் இடையில் பேசாமல் கடைசிவரை கேட்பார். சில காட்சிகளை மறுபடியும் சொல்லச் சொல்வார்.

இளம்வயதில் பட்ட அடியால் அப்பாவின் இடக்கண்ணில் பார்வை இல்லை என்பது எனக்குப் பதினைந்து வயதில்தான் தெரிந்தது. இரண்டு கண்களும் சேர்ந்தால்தான் அந்தப் பெட்டிக்குள் ஆழம் பிறக்கும். அவர் பார்த்த ஏழு காட்சிகளும் தட்டையானவை. மரம் முன்னால் நிற்பதை அவர் என் வாயால் கேட்டுத்தான் அறிந்திருக்கிறார்.