ஹென்றி கேபட்டுக்குக் கொடுத்தது பணமல்ல, அனுமதிப் பத்திரம்

"இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றி கஜானாவைத் திறந்துவிட்டு, இத்தாலியக் கடலோடி ஜான் கேபட்டை அமெரிக்காவுக்கு அனுப்பினார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. 1496 மார்ச் 5 அன்று மன்னர் கொடுத்தது வெறும் அனுமதிப் பத்திரம். கப்பல், ஆள், சாப்பாடு என எல்லாச் செலவும் கேபட்டும் அவருடைய மூன்று மகன்களும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் லாபம் வந்தால் ஐந்தில் ஒரு பங்கு மன்னருக்கு! கொண்டுவரும் சரக்கை இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறைமுகத்தில்தான் இறக்க வேண்டும். அதற்குச் சுங்கவரி கிடையாது என்பது ஒரு சலுகை.

1497-ல் 'மேத்யூ' என்ற ஒரே சிறிய கப்பலில் போய் வட அமெரிக்கக் கரையைக் கண்டு திரும்பியவருக்கு முதலில் கிடைத்தது 10 பவுண்டு. அப்புறம் ஆண்டுக்கு 20 பவுண்டு மானியம், அதுவும் பிரிஸ்டல் சுங்க வசூலிலிருந்து. 1498 பயணத்துக்கு மட்டும் ஒரு கப்பல் மன்னர் செலவில் போனது, சரி. மற்றவை வணிகர்கள் போட்ட முதல்.

ஹென்றியின் கவனமெல்லாம் பக்கத்துச் சந்தைகளில்தான் இருந்தது. பிரான்ஸின் காஸ்கனி ஒயினை இங்கிலாந்து, அயர்லாந்து, வேல்ஸ் கப்பல்களில்தான் ஏற்றிவர வேண்டும் என்று 1485-லேயே சட்டம் வந்துவிட்டது. அரியணைக்கு உரிமை கொண்டாடிய பெர்கின் வார்பெக்குக்கு, ஃபிளாண்டர்ஸை (இன்றைய பெல்ஜியப் பகுதி) ஆண்ட பர்கண்டி அரச குடும்பம் ஆதரவு கொடுத்ததால், 1493-ல் ஹென்றி ஃபிளாண்டர்ஸுடனான துணி வணிகத்தையே நிறுத்தினார். அதை மீட்ட ஒப்பந்தம் கையெழுத்தானது 1496 பிப்ரவரியில், கேபட் பத்திரத்துக்குச் சில நாள் முன்பு.