நடுவரை அனுப்புவது யார்?

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு ஐஸ் அரங்கின் வாங்கில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களில் நானும் ஒருவன். மகள் ஸ்கேட்டிங் பழகுகிறாள். ஃபிளாஸ்கில் இருக்கும் பிளேன்ரீ முடிவதற்குள் பேச்சு எப்படியும் ஐஸ் டான்ஸுக்கு, அதாவது ஐஸில் சோடியாக ஆடும் நடனப் போட்டிக்கு, வந்துவிடும். வந்ததும் யாராவது ஒருவர் அதை ஒரே வரியில் முடித்தும் வைப்பார்: "அதெல்லாம் முதலே பேசி முடிச்சது."

முன்பெல்லாம் மறுத்துப் பேசுவேன். இப்போது பாதிதான் மறுக்கிறேன்.

ஏனென்றால் முதலே பேசியதற்கு ஒலிப்பதிவே இருக்கிறது. 1998 நகானோ ஒலிம்பிக்கில் உக்ரைன் நடுவர் யூரி பால்கோவ், கனடா நடுவர் ஜீன் சென்ஃப்டோடு தொலைபேசியில் பேசினார். ஐஸ் டான்ஸில் எந்தச் சோடிக்கு எந்த இடம் என்பதுதான் பேச்சு. சென்ஃப்ட் அதைப் பதிவு செய்துவிட்டார். விசாரணை நடந்தது, பால்கோவுக்கு ஓராண்டுத் தடை. சரி, நியாயம். ஆனால் சென்ஃப்டுக்கும் ஆறு மாதத் தடை விழுந்தது, சொந்த நாட்டுக்குச் சார்பாகப் புள்ளி போட்டார் என்று. கள்ளனைப் பிடித்துக் கொடுத்தவரையும் சேர்த்து உள்ளே போட்ட கதை. பால்கோவ் திரும்பி வந்தார். 2014 சோச்சியில் பெண்கள் தனிப்போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் புள்ளி போட்டவர்களில் அவரும் ஒருவர். அதே மேசையில் அல்லா ஷெகோவ்த்சோவாவும் இருந்தார், ரஷ்ய ஸ்கேட்டிங் கூட்டமைப்பை நடத்தியவரின் மனைவி. அன்று ரஷ்யப் பெண் வென்றது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மேசையில் இவர்களை இருத்தியது யார் என்றுதான் கேட்கிறேன்.

2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கை எல்லோரும் சோடி ஸ்கேட்டிங் (பாய்ச்சலும் தூக்கி எறிதலும் உள்ள வேறு பிரிவு) ஊழலாகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். ரஷ்யச் சோடிக்குத் தங்கம், பிறகு கனடாச் சோடிக்கும் இரண்டாவது தங்கம். பிரெஞ்சு நடுவர் மரி-ரெய்ன் லெ கூன்யா, தன் கூட்டமைப்பின் தலைவர் நெருக்கியதால் ரஷ்யர்களுக்கு வாக்குப் போட்டதாக முதலில் சொன்னார், பின்னர் மாற்றிச் சொன்னார். இருவருக்கும் மூன்றாண்டுத் தடை. அந்த வாக்குக்குப் பதிலாகப் பிரான்சுக்குக் கிடைக்க இருந்ததாகச் சொல்லப்பட்டது எதில் தெரியுமா? ஐஸ் டான்ஸில். பிரெஞ்சுச் சோடி அனிசினாவும் பெசராவும் அந்தமுறை தங்கம் எடுத்தார்கள். அவர்கள் நன்றாக ஆடினார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தத் தங்கத்தை இன்றைக்கும் ஒருமாதிரித்தான் பார்க்கிறார்கள். அது அவர்களுக்கும் செய்த அநியாயம்தானே?

ஏன் எப்போதும் ஐஸ் டான்ஸ்? மற்றப் பிரிவுகளில் பாய்ச்சல் இருக்கிறது. காற்றில் எத்தனை சுற்று, நின்றாளா விழுந்தாளா என்று என் அம்மாவே டிவியில் பார்த்துச் சொல்வார். ஐஸ் டான்ஸில் அது கிடையாது, விழுவதும் குறைவு. ட்விசில் என்று ஒன்று உண்டு. இருவரும் ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டே ஒரே வேகத்தில் நகர வேண்டும். ஒருவருடைய முதுகு திரும்பும் கணத்தில் மற்றவருடையதும் திரும்ப வேண்டும். அரைக் கணம் பிந்தினாலும் குற்றம். பிளேட் எவ்வளவு ஆழமாகச் சாய்கிறது, இருவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, தாளத்தில் நிற்கிறார்களா, இவைதான் புள்ளி. வாங்கில் இருக்கும் எனக்கு அதில் பாதி தெரியாது. தெரியாத இடத்தில்தான் பேரம் வசதியாக நடக்கும்.

சால்ட் லேக்குக்குப் பிறகு, ஆறை முழுப் புள்ளியாக வைத்த பழைய முறையைத் தூக்கிவிட்டார்கள். இப்போது ஒன்பது நடுவர்கள் ஒவ்வொரு அம்சத்துக்கும் கழித்தல் 5 முதல் கூட்டல் 5 வரை போடுகிறார்கள். அதிகூடியதையும் அதிகுறைந்ததையும் எறிந்துவிட்டு மிச்சம் ஏழின் சராசரியை எடுக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மற்றவர்கள் 3உம் 4உமாகப் போடும் இடத்தில் தன் ஆளுக்கு 4உம் எதிராளிக்கு 3உம் போடும் நடுவர் பெரும்பாலும் அந்த வலையில் சிக்கவே மாட்டார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான்.

அந்தச் சிட்டிகை போதும். 2018 பியோங்சாங் ஒலிம்பிக் ஐஸ் டான்ஸில் கனடாவின் வெர்ச்யூ-மோயர் 206.07, பிரான்சின் பபடாகிஸ்-சிசெரோன் 205.28. இடைவெளி 0.79. முதல் சுற்றில் பபடாகிஸின் சட்டைக் கழுத்துக் கொக்கி கழன்றுவிட்டது. அவர் அதைக் காட்டிக்கொள்ளாமல் ஆடி முடித்தார். மறுநாள் இறுதி ஆட்டத்தில் பிரெஞ்சுக்காரருக்கே கூடுதல் புள்ளி, ஆனாலும் முந்திய நாள் இழந்ததை எட்டவில்லை. நாங்கள் கனடாக் கொடியோடு துள்ளினோம். இரண்டு புள்ளி மறுபக்கம் போயிருந்தால் இந்தப் பதிவை நான் அன்றைக்கே எழுதியிருப்பேன். எனக்கும் பக்கச்சார்பு உண்டு, மறைக்கவில்லை.

புது முறையோடு இன்னொரு வேலையும் பார்த்தார்கள்: எந்தப் புள்ளி எந்த நடுவருடையது என்பதை மறைத்தார்கள். பெயர் தெரியாவிட்டால் ஊரில் யாரும் நெருக்க முடியாது என்பது கணக்கு. எரிக் சிட்செவிட்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தார். சொந்த நாட்டுச் சார்பு குறையவில்லை, கூடியிருந்தது. கடைசியில் 2016இல்தான் அந்தத் திரையை விலக்கினார்கள்.

அவருடைய இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும். ஸ்கீ ஜம்பிங்கிலும் நடுவர்கள் சொந்த நாட்டுக்குச் சாய்கிறார்கள். ஆனால் அங்கே மற்ற நடுவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து அதைச் சமன் செய்கிறார்கள். ஸ்கேட்டிங்கில் மற்றவர்களும் சேர்ந்தே சாய்கிறார்கள். அங்கே நடுவர்களைத் தெரிவுசெய்வது பொதுவான ஒரு குழு. இங்கே தெரிவுசெய்து அனுப்புவது அந்தந்த நாட்டுக் கூட்டமைப்பு. அடுத்த போட்டிக்கும் பெயர் வர வேண்டும் என்றால் யாரைப் பகைக்கக்கூடாது என்று நடுவருக்குத் தெரியாதா? என் குறை முழுக்க இங்கேதான். புள்ளி முறையை எத்தனை தடவை மாற்றினாலும் சம்பளத்தையும் நியமனத்தையும் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் தன் கையில் எடுக்காதவரை வாங்குப் பேச்சு மாறாது.

நடுவர்களைத் திட்டுவது சுலபம். போன வருடம் எங்கள் ஆட்கள் நடத்திய ஒரு கலைவிழாவில் சிறுவர் நடனத்துக்கு என்னை நடுவராக இருத்தினார்கள். முதலில் வந்த பிள்ளை பிரமாதமாக ஆடினாள். பத்துக்கு ஏழு போட்டேன். பின்னால் பதினாறு பேர் இருக்கிறார்களே, இடம் வைக்க வேண்டாமா? பதினொன்றாவதாக வந்தவள் அவளை விடச் சுமார், களைப்பில் எட்டுப் போட்டேன். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தபோது முதலில் ஆடியவள் என்னால்தான் மூன்றாம் இடத்துக்குப் போனாள். யாரும் எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை, பேரமும் பேசவில்லை. அப்படியும் இப்படி.

இந்த வருடமும் கேட்டார்கள். மகள் ஆடுகிறாள், நான் நடுவராக இருப்பது சரியில்லை என்றேன்.

"அதுக்கென்ன அண்ணை, மற்ற ரெண்டு நடுவர்மாரின்ர பிள்ளையளும் ஆடுதுகள்தானே" என்றார்கள்.